பிரெய்ரியில் ஒரு கோணிக் கூடு: மூன்று வசந்தங்களின் கணக்கு

2024 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை 6 மணி 50 நிமிடத்துக்கு, கூர்வால் கிரௌஸ் என்ற பறவையின் சேவல் ஒன்று என் லென்ஸிலிருந்து 11 மீட்டர் தொலைவில் இறக்கைகளை விரித்து, வாலை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்றது. அதன் கழுத்தின் ஊதாநிறக் காற்றுப்பையும் கண்ணுக்கு மேலிருந்த மஞ்சள் கொண்டையும் தெளிவாகவும், அதற்குப் பின்னால் தொலைவிலிருந்த குன்றின் விளிம்பு வெறும் வண்ணக் கோடாகவும் பதிந்தன. 2022 முதல் நான் எடுக்க முயன்றுவந்த படம் அதுதான். அதற்குத் தேவைப்பட்டது புதிய கேமராவோ புதிய லென்ஸோ அல்ல. எஃகுக் குழாயும், கோணித் துணியும், பழைய பொருள் கடையில் 4 டாலருக்கு வாங்கிய ஒரு வாணலியும்தான். பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து படம் எடுப்பதற்கான அந்த மறைகூடு எப்படி உருவானது, எங்கெங்கே நான் கோட்டை விட்டேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இடம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கு மூலை. ஸ்விஃப்ட் கரன்ட் நகரத்துக்கும் வால் மேரி என்ற சிற்றூருக்கும் நடுவில், பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளியில், உழவே படாத ஒரு மேய்ச்சல் நிலம். நான் வசிப்பது மாகாணத் தலைநகரான ரெஜைனாவில். அங்கிருந்து போய்வர ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஆகிறது. கூர்வால் கிரௌஸ் 1945 முதல் இம்மாகாணத்தின் பறவை. நம் ஊர்க் கௌதாரியை மூன்று மடங்கு கனமாக்கி, வாலைக் கூராக்கினால் ஏறத்தாழ அது கிடைக்கும். பனி உருகத் தொடங்கியதும் சேவல்கள் விடியலுக்கு முன்பே ஒரு குறிப்பிட்ட மேட்டில் கூடி, பெட்டைகளின் கவனத்துக்காக ஆடும். அந்த மேட்டை நான் ஆடுகளம் என்றே எழுதப்போகிறேன். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத்தான் அவை திரும்பி வரும். இந்தக் குறிப்பிட்ட களத்தைத் தன் தந்தை காலத்திலிருந்தே அறிவதாக நிலத்துக்காரர் சொன்னார். 2022 ஜனவரி முதல் இம்மாகாணத்தில் தனியார் நிலத்துக்குள் கால்வைக்க முன்கூட்டியே அனுமதி பெறுவது சட்டப்படி கட்டாயம். அனுமதி கேட்கப் போன நாளில் ஒரு டப்பா முறுக்குக் கொண்டுபோனேன். அனுமதியோடு வைக்கோல் கட்டும் கயிறு ஒரு சுருளும் கிடைத்தது. அந்தக் கயிறு பின்னால் பெரிதும் உதவியது.

முதல் ஆண்டு நான் எதையும் கட்டவில்லை. வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும், உதறினால் தானே விரியும் கூடாரம் ஒன்றை 180 டாலருக்கு வாங்கினேன். உயரம் 170 சென்டிமீட்டர். உள்ளே நாற்காலி போட்டு வசதியாக உட்காரலாம். அதிகாலை 5:35க்குத் தலைவிளக்கோடு களத்தை நெருங்கியபோது பறவைகள் ஏற்கெனவே அங்கிருந்தன. கூட்டமாக எழுந்து பறந்தவை அன்று திரும்பவே இல்லை. அவை சூரியன் உதிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிடும் என்று படித்திருந்தேன். ஆனால் அதைச் சூரியோதய நேரத்தோடு கழித்துப் பார்க்கவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6:10க்கு உதிக்கும். ஆகவே 5:25க்கு அவை களத்தில் இருக்கும். ஆகவே நான் 4:45க்குள் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். அடுத்த வாரம் அப்படியே செய்தேன். அன்று காற்று. வழவழப்பான நைலான் துணி பாய்மரம் போல உப்பி, ஒவ்வொரு வீச்சுக்கும் படபடவென்று அடித்துக்கொண்டது. பறவைகள் வந்தன, ஆனால் என்னிடமிருந்து 60 மீட்டர் தள்ளியே ஆடின.

மூன்றாவது முறை காற்று இல்லை, பறவைகளும் அருகில் வந்தன. அன்றுதான் மூன்றாவது தவறு தெரிந்தது. வெளிச்சம் பறவையின் முகத்தில் விழவேண்டுமென்று சூரியனை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, களத்தின் கிழக்கு ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தேன். சூரியன் எழுந்ததும் கூடாரத்தின் நிழல் களம் முழுவதும் நீண்டு படுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: சூரியன் அடிவானத்திலிருந்து 3 பாகை மேலே இருக்கும்போது 170 சென்டிமீட்டர் உயரப் பொருளின் நிழல் 32 மீட்டர். அதாவது, எனக்கு வேண்டிய பறவைகள் எல்லாம் நான் உண்டாக்கிய இருட்டில் ஆடிக்கொண்டிருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவன். அங்கே சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறிவிடும், 6 பாகை உயர 25 நிமிடம் போதும். ஏறத்தாழ 50 பாகை வடக்கில் இருக்கும் இங்கே அது சாய்வாக ஏறுவதால் அதே உயரத்துக்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பொன்வெயில் நீண்ட நேரம் கிடைப்பது படம் எடுப்பவனுக்கு லாபம். நீண்ட நிழலும் அதே அளவு நேரம் கிடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. தவிர, ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் உதிப்பது நேர்க்கிழக்கில் அல்ல, அதிலிருந்து 20 பாகை வடக்கே தள்ளி. திசைகாட்டியை வைத்து இதை அளந்துகொண்ட பிறகு, கூட்டின் இடம் களத்தின் தெற்கு ஓரம் என்று முடிவாயிற்று. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரும். நிழல் இடப்பக்கம் வெறும் புல்லில் விழும்.

2023இல் சொந்தமாகக் கட்டத் தொடங்கினேன். முக்கால் அங்குல பிவிசி குழாய்களை வெட்டிப் பெட்டி போன்ற சட்டம் செய்து, அதன்மேல் பழுப்புத் துணி போர்த்தினேன். குழாய், இணைப்பு, துணி எல்லாம் சேர்த்து 74 டாலர். காராஜில் பொருத்திப் பார்த்தபோது அழகாக நின்றது. களத்தில், குளிர் மைனஸ் ஒன்பது பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கியிருந்த ஓர் இரவில், மூலை இணைப்பைத் தட்டிச் செருகும்போது பிஸ்கட் உடைவதுபோல் உடைந்தது. குளிரில் பிவிசி நொறுங்கும் என்பது இங்குள்ள குழாய் வேலைக்காரர் எவருக்கும் தெரியும். எனக்குத்தான் ஓர் இரவும் 600 கிலோமீட்டர் பயணமும் செலவாயின. துணியைக் கட்டியிருந்த நெகிழிப் பட்டைகளிலும் பாதி அன்றே தெறித்தன.

உடைந்ததைக் கயிற்றால் கட்டிச் சமாளித்து அந்தப் பருவத்தை ஓட்டினேன். ஓட்டியதால் வேறு மூன்று விஷயங்கள் தெரியவந்தன. சன்னல் மூடியை வெல்குரோவால் ஒட்டவைத்திருந்தேன். நிசப்தமான விடியலில் அதைப் பிரித்த 'பர்ர்' சத்தத்துக்கு 18 சேவல்களும் ஒரே நேரத்தில் தரையோடு அமுங்கின. அடுத்து, லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பையில் 3 கிலோ பொன்னி அரிசி நிரப்பி வைத்திருந்தேன். மறைகூட்டோடு அதையும் களத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்துப் போனபோது பையின் மூலையில் கட்டைவிரல் அளவு ஓட்டை, உள்ளே அரிசி கால்வாசி குறைவு, சுற்றிலும் எலிப்புழுக்கை. இப்பகுதியின் மான் எலிகள் நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடியவை என்பதால், கையுறை போட்டுக் கிருமிநாசினி தெளித்து, பையை அப்படியே கட்டி எறிய வேண்டியதாயிற்று.

மூன்றாவதுதான் முக்கியமானது. மடக்கு முக்காலியில் உட்கார்ந்து எடுப்பதற்காகச் சன்னலைத் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். படங்களைக் கணினியில் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே குறை: பறவையைச் சுற்றிலும் காய்ந்த புல், புல், புல். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் லென்ஸ் சற்றே கீழ்நோக்கிச் சாய்வதால், பறவைக்குப் பின்னால் வருவது அதற்குச் சில மீட்டர் தள்ளியிருக்கும் தரைதான். கிரௌஸின் கண் தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே இருக்கிறது. லென்ஸும் அந்த மட்டத்துக்கு இறங்கினால், பின்புலம் தொலைவிலிருக்கும் குன்றாகிவிடும். குன்று தெளிவிழந்து கரையும், பறவை தனித்து நிற்கும். புல்வெளி தட்டையாக இருப்பதே இங்கே நிலக்காட்சி எடுப்பவர்களின் குறை; இவ்வளவு தாழ்ந்து பார்க்கும்போது மட்டும் அது வரமாகிறது.

ஆகவே 2024க்கான கூடு, படுத்துக்கொண்டு படம் எடுப்பதற்கானது. நீளம் 150, அகலம் 120, உயரம் 95 சென்டிமீட்டர். வீட்டுச் சுவர்களில் மின்கம்பி ஓட்டப் பயன்படும் அரை அங்குல எஃகுக் குழாய், பத்தடி நீளத்தில் ஐந்து வாங்கினேன். வெட்டும் வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டால் ஐந்தே போதும்: இரண்டு குழாய்களில் நான்கு 150கள், மூன்றாவதில் இரண்டு 120கள், நான்காவதில் ஒரு 120, ஒரு 95, ஐந்தாவதில் மூன்று 95கள். அகலத்துக்கு நான்கு வேண்டிய இடத்தில் மூன்று போதுமானது எப்படியென்றால், முன்பக்கத்துத் தரைக்குழாயைத் தவிர்த்துவிட்டேன்; அது இருந்தால் லென்ஸ் தாழ முடியாது. மூலைகளுக்கு, திருகு வைத்து இறுக்கும் எஃகு இணைப்புகள் எட்டு. குழாயின் மினுமினுப்பு மறையப் பளபளப்பில்லாத பழுப்பு வண்ணம் தெளித்து, உலோகம் உலோகத்தோடு உரசாமலிருக்க மூட்டுகளில் துணி நாடா சுற்றினேன்.

போர்வைக்குக் கோணி. தோட்டக் கடைகளில் மரக்கன்றுகளைக் குளிருக்குப் போர்த்த ஒரு மீட்டர் அகலச் சுருளாக விற்பார்கள். கூரையும் நான்கு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 7 சதுர மீட்டர். இரண்டு அடுக்காக 14. நான் 15 மீட்டர் வாங்கினேன். நெசவு தளர்வாக இருப்பதால் காற்று ஊடுருவிப் போய்விடுகிறது. துணி உப்புவதும் இல்லை, அடித்துக்கொள்வதும் இல்லை. இரண்டு அடுக்கையும் நிலத்துக்காரர் கொடுத்த கயிற்றால் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு வீதம் சட்டத்தோடு கட்டினேன். கோணி ஊசியும் கயிறுமாக இரண்டு மாலைகள் பிடித்தன. உடன் வந்து உதவிய நண்பர் ஒருவர் முடிந்ததைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நெல் மூட்டைக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டா மட்டும் பறவை வந்துருமா?” என்று கேட்டார். நான்கு மூலையிலும் 60 சென்டிமீட்டர் கட்டுமானக் கம்பியை ஏறக்குறைய முழுவதும் புதையுமாறு அடித்து, சட்டத்தை அதோடு கட்டினேன். கம்பியோ குழாயோ கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பருந்து வந்து உட்கார ஏதுவான உயரமான எதையும் இப்பறவைகள் விரும்புவதில்லை.

அடுத்தது வாணலி. 26 சென்டிமீட்டர் வாய் கொண்ட, பக்கங்கள் சரிந்த பழைய ஒட்டாச்சட்டி. கைப்பிடியை அறுத்தெடுத்து, நடுவில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, அடியிலிருந்து தட்டைத் தலை போல்ட் ஒன்றைச் செலுத்தி, பழைய கேமரா முக்காலியிலிருந்து கழற்றிய உருண்டைத் தலையை அதில் பொருத்தினேன். முக்காலித் தலைகளின் அடித்துளை பெரும்பாலும் 3/8 அங்குல மரை; அதே அளவு போல்ட்டை வன்பொருள் கடையில் வாங்கலாம். இதன்மேல் கேமராவை வைத்தால் லென்ஸின் நடு தரையிலிருந்து 25 சென்டிமீட்டர். புல்லின்மேல் சத்தமில்லாமல் நகரும், 2.3 கிலோ லென்ஸின் கனத்தைக் கை தாங்க வேண்டியதில்லை. சன்னலை மூடுவதற்கு வெல்குரோவுக்குப் பதில் நான்கு ஊக்கு. சத்தமே இல்லை.

ஒரு நண்பகலில், பறவைகள் இல்லாத நேரத்தில், களத்தின் தெற்கு ஓரத்தில் இதை நிறுத்திவிட்டு வந்தேன். ஆறு நாள் கழித்து அதிகாலை 4:40க்குச் சிவப்பு வெளிச்சத்தில் உள்ளே ஊர்ந்து நுழைந்தேன். வெளியே மைனஸ் ஆறு பாகை. 5:20க்கு முதல் இறக்கைச் சத்தம், பிறகு நாலாபுறமும். இன்னும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆடும் சேவல் விநாடிக்கு ஏறத்தாழ 20 முறை காலால் தரையைத் தட்டும். கூடவே வால் இறகுகள் உரசி ஒரு சடசடப்பு. இருட்டில் கேட்கும்போது பல தையல் இயந்திரங்கள் ஒரே அறையில் ஓடுவதுபோல் இருந்தது. திடீரென்று எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். சில விநாடி நிசப்தம். பிறகு ஒன்று தொடங்க, எல்லாம் தொடங்கும்.

இந்த நிறுத்தம்தான் எனக்குக் கிடைத்த திறவுகோல். முந்தைய இரண்டு ஆண்டும், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். என் நிக்கான் டி500 கேமராவில் மாட்டிய 200-500 மில்லிமீட்டர் லென்ஸின் ஒளித்துளை f/5.6க்கு மேல் திறக்காது. விடியலில் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றி வைத்தாலும் நொடியில் 250இல் ஒரு பங்கு வேகம்தான் கிடைக்கும். அந்த வேகத்தில் ஆடும் பறவை வெறும் கலங்கல். ஆனால் ஆட்டம் நிற்கும் அந்தச் சில விநாடிகளில் சேவல் அதே விரித்த கோலத்திலேயே சிலையாக நிற்கிறது. அப்போது 250இல் ஒரு பங்கு தாராளமாகப் போதும். ஆகவே ஆட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டு, குவியத்தை முன்பே கண்ணில் நிறுத்திவைத்து, சத்தம் அடங்கியதும் மட்டும் சத்தம் குறைந்த தொடர்முறையில் மூன்று நான்கு படங்கள். வெளிச்சம் ஏறி, 1000இல் ஒரு பங்கு கிடைத்த பிறகுதான் ஆடும் கால்களை எடுக்கத் தொடங்கினேன். களத்தின் நடுவில் இடம்பிடித்த சேவல்களையே பெட்டைகள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும், சண்டையும் அங்கேதான். ஓரத்தில் பக்கத்தில் நிற்கும் பறவையில் மயங்காமல் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் 6:50இன் படம் கிடைத்தது.

ஏழு மணி சுமாருக்கு ஒரு சேவல் கூரையின்மேலேயே வந்து இறங்கியது. என் தலைக்கு இரண்டு சாண் மேலே கோணி தொய்ந்து, பாதங்களின் வடிவம் இரண்டு குழிகளாகத் தெரிந்தது. பின்பு அது அங்கேயே ஆட, கோணிச் சணல் தூசு என் கண்ணிமையிலும் லென்ஸ் உறையிலும் உதிர்ந்தது. தும்மலை அடக்கிக்கொண்டு கிடந்தேன். கடைசிப் பறவை கிளம்பியது 8:40க்கு. அதுவரை வெளியே வரக்கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. நான்கு மணி நேரம் உறைந்த தரையில் குப்புறக் கிடந்ததில் கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை.

இடையில் வீணாகச் செலவழித்த ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2023இல் எட்டு மணிக்கு மேல் எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாக இருந்தன. லென்ஸில் கோளாறு என்று எண்ணிச் சோதனைக்குக் கொடுத்தேன். 110 டாலர் கட்டணம், கோளாறு எதுவும் இல்லை என்று விடை. இரவில் உறைந்த தரைமேல் வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று நெளிகிறது. தார்ச்சாலையில் கானல் தெரிவதுபோலத்தான். தரையோடு தரையாக நீள்லென்ஸில் 60 மீட்டர் தள்ளிப் பார்த்தால் அந்த நெளிவு முழுவதையும் ஊடுருவிப் பார்க்கிறோம். 15 மீட்டருக்குள் அது தொல்லை தருவதில்லை. எட்டு மணிக்கு மேல் தொலைவுப் படங்களை இப்போது எடுப்பதே இல்லை.

அந்த நேரத்தை நிலக்காட்சிக்குக் கொடுக்கிறேன். ஏப்ரலில் புல்வெளி பச்சையல்ல, சிங்கத்தோல் நிறம். மழைநீர் அரித்த சரிவுப் பள்ளத்தை இங்கே கூலீ என்பார்கள். நம் கூலிக்கும் அதற்கும் தொடர்பில்லை, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொல். கூலீயின் வடக்கு நோக்கிய சரிவில் மட்டும் பனி ஒரு வெள்ளைக் கோடாக மீந்திருக்கும். தட்டையான காட்சிக்கு அந்தக் கோடே அமைப்பைத் தருகிறது. மேட்டில் குளிர்காலத்தை அடுத்து முதலில் பூப்பது பிரெய்ரி குரோகஸ் என்ற ஊதாப்பூ. தண்டெல்லாம் பட்டு மயிர். எதிர்வெயிலில் அந்த மயிர் ஒளிவட்டமாகிறது. அதே வாணலியில் சிறிய லென்ஸ் மாட்டி, மிச்சமான கோணித் துண்டை இரண்டு குச்சிகளில் கட்டிக் காற்றை மறைத்து எடுத்தேன். வெவ்வேறு குவியத்தில் எடுத்து ஒன்றாக அடுக்கும் முயற்சி, பூ அசைந்ததால் தோற்றது. ஒரே படத்தில் ஒளித்துளையை f/11க்குக் குறுக்கியதே உருப்படியாக வந்தது. முதல் பூவுக்கு முழந்தாளிட்டபோது, புல்லுக்குள் தட்டையாகப் படர்ந்திருந்த சப்பாத்திக் கள்ளி முட்டியில் ஏறியது. இவ்வளவு குளிரில் கள்ளியா என்று முதலில் நம்பவில்லை. இடுக்கியோடு அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு நம்பினேன். மாலையில் ஆடையை உதறி உண்ணி தேடுவதும் இங்கே வசந்தத்தின் வழக்கம், அன்று இரண்டு.

செலவு: குழாய் 55, மூலை இணைப்பு 56, கோணி 48, கட்டுமானக் கம்பி 14, வாணலி 4, போல்ட் 3, அடியில் விரிக்கும் நுரைப்பாய் 22, மொத்தம் 202 டாலர். வண்ணமும் நாடாவும் வீட்டில் கிடந்தவை. வீணானது: கூடாரம் 180, பிவிசி 74, லென்ஸ் சோதனை 110, ஆக 364. மூன்று ஆண்டுகளில் ஏழு பயணத்துக்கான பெட்ரோல் ஏறக்குறைய 500 டாலர். அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

அடுத்த வசந்தத்துக்குள் செய்ய வேண்டியவை. நீளம் 150 எனக்குப் போதவில்லை. கால்கள் பின்பக்கத் துணியை முட்டி அசைத்தன. பின்னால் தரைமட்டத்தில் 40 சென்டிமீட்டர் நீட்சி ஒன்று தைக்க வேண்டும். கூரைக் கோணியின் அடியில் மெல்லிய பருத்தித் துணி, சணல் தூசுக்காக. நெஞ்சுக்கடியில் வைக்கச் சரிந்த நுரைக்கட்டை. நுரைப்பாயின் கனத்தை இரட்டிப்பாக்க வேண்டும். கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறு சன்னல் வெட்டத் தீர்மானித்திருக்கிறேன். இந்த ஆண்டு சூரியன் குன்றைத் தாண்டி எழுந்த நேரத்தில், அந்தப் பக்கம் ஒரு சேவல் தன் மூச்சு ஆவியாகப் பறக்க வெயிலை நோக்கி நின்றது. இரண்டு அடுக்குக் கோணியின் இடுக்கு வழியாக அதைக் கண்ணால் மட்டுமே பார்த்தேன்.